சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன்

1

நான் இப்போது இருக்கும் ஊரில், மேட்டில் சைக்கிள் மிதிக்கிறவன் காலைத் தரையில் ஊன்றினால் கேவலம். மூச்சு இரைக்கட்டும், நாக்கு தள்ளட்டும், சைக்கிள் குடித்தவன் மாதிரி இப்படியும் அப்படியும் நெளியட்டும், இறங்க மட்டும் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவனைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அது சிரிப்பதைவிட மோசம்.

நான் பிறந்த ஊரில், சைக்கிளை விட்டு இறங்காமல் போவது குற்றம். எல்லோருக்கும் இல்லை. எங்களுக்கு.

போன மாதம் என் மகள் செல்வி செய்த ஒரு காரியத்தில் இந்த இரண்டு ஊர்ச் சட்டங்களும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். காஞ்சிபுரம் பக்கத்தில் இதைப் படிக்கிறவர்களில் சிலருக்குப் பிடிக்காது. அவர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று நான் எழுதவும் இல்லை.

2

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருப்புட்குழியைத் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு உள்ளே போகிற ஒரு கிராமம். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதற்கு அது ஒரு பெருமையாகிவிடும். அந்தக் கிராமத்துச் சேரியில் பிறந்தேன். மீசை அரும்புகிற வயதில் காஞ்சிபுரம் டவுனுக்கு வந்து, காதர் பாயின் வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன். பிறகு பாண்டிச்சேரி. அங்கே தெரேஸைக் கட்டிக்கொண்டேன். அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அந்த வழியில் நானும் கப்பல் ஏறி, பிரான்சில் சான்-எத்தியேன் என்கிற இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். கரிச்சுரங்க ஊர். ரிப்பன் நெய்கிற ஊர். அதற்கெல்லாம் மேலே, சைக்கிள் செய்கிற ஊர். நான் ஒரு தொழிற்சாலையில், பின்சக்கரத்துப் பல்சக்கரம் செய்கிற ஃப்ரீவீல் பிரிவில் இருக்கிறேன்.

வந்த புதிதில் அரசு அலுவலகத்தில் ஒரு அம்மாள் என்னை உட்கார வைத்து, "குடும்பப் பெயர்?" என்றாள். என் பெயர் ஏழுமலை. அப்பா பெயர் முனுசாமி. குடும்பத்துக்கென்று தனியாக ஒரு பெயர் எங்களிடம் கிடையாது என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அரசாங்கமே நின்றுவிடும் போலிருந்தது. பக்கத்து மேசைக்காரரைக் கேட்டாள், உள்ளே போய்ப் பெரியவரைக் கேட்டாள், கடைசியில் அவளே அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதி முத்திரை குத்திவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு வருகிற உறையெல்லாம் 'மிஸ்யே முனுசாமி' என்றுதான் வருகிறது. மிஸ்யே என்றால் ஐயா. எங்கள் கிராமத்தில் பால்பல் விழாத பொடியன்கூட என் அப்பாவை 'டேய் முனியா' என்பான். இங்கே மின்சாரக் கணக்கு எழுதுகிறவன் முதல் முனிசிபாலிட்டி வரை அவருக்கு ஐயா போட்டுத்தான் ஆக வேண்டும். அப்பா உயிரோடு இருந்திருந்தால் ஒவ்வொரு உறையாகப் படித்துக் காட்டியிருப்பேன்.

அதற்காக இங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மொழியிலும் நம்மைப் போலவே 'நீ' உண்டு, 'நீங்கள்' உண்டு. எங்கள் பிரிவு மேஸ்திரி வெள்ளைக்காரர்களுக்கு 'நீங்கள்' போடுவான். அல்ஜீரியாக்காரர்களுக்கும் எனக்கும் 'நீ'. கொஞ்ச நாள் பொறுத்தேன். பிறகு ஒரு நாள் நானும் அவனுக்கு 'நீ' போட்டேன். முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது.

"யாரைப் பார்த்து 'நீ' என்கிறாய்?"

"எனக்கு உன் மொழி தெரியாது. நீ பேசுவதைக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன்" என்றேன்.

அல்ஜீரியாக்காரர்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அன்றிலிருந்து மேஸ்திரிக்கும் எனக்கும் நடுவே 'நீங்கள்'தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் வாயில்லாப் பூச்சி இல்லை. பின்னால் சொல்லப்போவதைப் படித்துவிட்டு அப்படி நினைத்துவிடக் கூடாது.

3

எங்கள் நகரத்தின் கடைசித் தெரு முடிகிற இடத்தில் பிலா மலை தொடங்கிவிடும். சில வருஷங்களுக்கு முன்னால் அரசாங்கம் இந்த மலையையும் அதன் மேலுள்ள ஊர்களையும் சேர்த்து 'வட்டாரப் பூங்கா' என்று அறிவித்துப் பலகை நட்டது. பூங்கா என்றதும் நான் நீரூற்றும் சிமெண்டு பெஞ்சும் இருக்கும் என்று நினைத்துப் போனேன். போனால், உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள், மாடு மேய்கிறது, சர்ச் மணி அடிக்கிறது, சில வீடுகளில் ரிப்பன் தறி ஓடுகிற சத்தம் ஜன்னல் வழியே வருகிறது. வேலி கிடையாது. வாட்ச்மேன் கிடையாது. எவ்வளவு பெரிய பூங்காடா இது என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

நீங்கள் யாரும் இங்கே வந்து சைக்கிள் மிதிக்கப் போவதில்லை. இருந்தாலும் வழி சொல்கிறேன். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

கணவாய்க்கு நேரே ஏறுகிற பெரிய ரோட்டில் போகாதீர்கள். லாரியும் மோட்டார் சைக்கிளும் காதைக் கிழிக்கும். அணைக்கட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ரோடு பிரியும். ஒரு மாட்டுவண்டி போகிற அகலம்தான் தார். ஓரமெல்லாம் பாசி. அதில் ஏறினால் கொஞ்ச தூரத்தில் ஊசியிலைக் காடு வரும்; நண்பகலிலும் உள்ளே சாயங்காலம்தான். உங்கள் செயின் பேசுவது மட்டும் காதில் விழும். காட்டை விட்டு வெளியே வந்தால் புல்வெளி. வெயில் காலத்தின் தொடக்கத்தில் வழியெல்லாம் ஒரு மஞ்சள் பூப் புதர் பூத்துக் கிடக்கும்; அதன் வாசனையில் பாதி மூச்சிரைப்பு போய்விடும். உச்சியிலிருந்து அந்தப் பக்கம் பார்த்தால் பெரிய ஆறு. மழை பெய்து ஓய்ந்த மறுநாளாக இருந்தால், ஆற்றுக்கு அப்பால் வெகு தூரத்தில் பனிமலை தெரியும். அங்கிருந்து இறக்கம். செர்ரித் தோப்பு, ஆப்பிள் தோப்பு, திராட்சைக் கொல்லை. பிரேக் ரப்பர் சூடாகி நாறும். அப்போதுதான் ஒன்றன் பின் ஒன்றாகக் குட்டிக் குட்டி ஊர்கள் வரும்.

நான் தட்டை பூமியில் பிறந்தவன். ஏனாத்தூர்ப் பக்கத்து ஏரிக்கரைதான் அதுவரை நான் சைக்கிளில் ஏறிய பெரிய மேடு. இந்த மலையில் முதல் முறை ஏறியபோது பாதி வழியில் செத்துப் பிழைத்தேன். ஆனால் இறங்கவில்லை. உடன் வந்த தொழிற்சாலை ஆட்கள் மேலே காத்திருந்து கை தட்டினார்கள். அன்று பிடித்த பைத்தியம்தான், ஞாயிறு தவறாமல் கிளம்பிவிடுகிறேன்.

செல்வியும் வருவாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் சில்வி. ஆசிரியை வாயில் செல்வி நுழையவில்லை, சில்விதான் நுழைந்தது. இவளும் சரி என்று விட்டுவிட்டாள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். ரசத்தில் ரொட்டியைத் தொட்டுத் தின்பாள். என்னை 'பப்பா' என்பாள். அதுகூடப் பரவாயில்லை. எதைச் சொன்னாலும் 'உங்க இந்தியால' என்பாள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆகாது. உங்க இந்தியாவாம். 'நம்ம'ன்னு சொல்லுடி என்று எத்தனையோ தடவை கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தது சைக்கிள் ஒன்றுதான்.

4

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் சேரிக்குப் போக நேர்வழி ஒன்றுதான், ஊர்த் தெரு வழி. தெருமுனையில் ஒரு புளியமரம் இருக்கும். அங்கே வந்ததும் எங்கள் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டு போக வேண்டும். தெருவின் மறுகோடியில் தண்ணீர்த் தொட்டி. அதைத் தாண்டினால் ஏறிக்கொள்ளலாம். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. குழந்தை நடக்கக் கற்றுக்கொள்ளும்போதே கால் இதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டுவிடும்.

இறங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துப் பக்கம் காலை நேரத்தில் போனால் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். தறியில் ஏற்றப்போகிற பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கும். அங்கே தாசில்தாராக இருந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இழை அறுந்தால் ஒரு குடும்பத்தின் பாடு வீண். நானும் இறங்குவேன், மனசோடு இறங்குவேன். "ஏழுமல, பாத்து வாபா" என்பார்கள். அது வேலைக்குக் கொடுக்கிற மரியாதை; எல்லோரும் கொடுப்பது. எங்கள் கிராமத்துத் தெருவில் என்ன பாவு நீட்டியிருந்தது, நான் இறங்க?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் இறங்கவில்லை. அவசரம் எதுவும் கிடையாது. வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை. இறங்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வாரம் முழுக்க டவுனில் ராஜ வீதியில் ஓட்டுகிறவன், இங்கே என்ன என்று தோன்றியது. புளியமரம் வந்தது, போயிற்று. கோயிலும் வந்தது, போயிற்று. அந்தக் கொஞ்ச தூரம் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா! இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

தொட்டிக்குச் சற்று முன்னால் ஊர்த் தெருக்காரர்கள் பிடித்துவிட்டார்கள்.

"எறங்குடா. டவுன் காத்து பட்டுச்சா ஒனக்கு?"

"அவ்ளோ ஆசையா இருக்குதா சைக்கிள் மேல? அத்தத் தூக்கித் தலையில வச்சிக்கினு நட."

ஆள் அனுப்பி அப்பாவை வரவழைத்தார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். "சின்னப் புள்ள சாமி, தெரியாம பண்ணிட்டான்" என்றார். தெரிந்துதான் செய்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன். சைக்கிளைத் தலையில் வைத்துக்கொண்டு தொட்டியிலிருந்து புளியமரம் வரைக்கும், மறுபடி புளியமரத்திலிருந்து தொட்டி வரைக்கும் நடந்தேன். பெடல் காதோரத்தைக் கிழித்தது. அப்பா பக்கத்திலேயே நடந்து வந்தார், ஒரு கையைச் சைக்கிள் மேல் வைத்துக்கொண்டு. பாரத்தில் பாதியை வாங்கிக்கொள்கிறாராம்.

திங்கட்கிழமை கடைக்குப் போனதும் காதர் பாய் என் காதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். சொன்னேன்.

"அரே, நீ இங்க இருக்காத தம்பி. மறுபடியும் போவே, மறுபடியும் எறங்க மாட்டே, ஒன்ன எனக்குத் தெரியாதா? பாண்டிச்சேரில நம்ம மச்சான் கடை இருக்குது. கெளம்பு."

அப்படித்தான் காஞ்சிபுரத்தை விட்டேன். அதற்குப் பிறகு ஊருக்குப் போனபோதெல்லாம் புளியமரத்தடியில் இறங்கினேன். அவர்களுக்காக இல்லை. அப்பா இன்னொரு தடவை அந்தத் தெருவில் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக.

5

இனி இந்த மலைக்கு வருகிறேன்.

முதல் முறை உச்சி ஏறி இறங்கி, முதல் ஊருக்குள் நுழைந்தேன். ஊர்ப் பெயர் எழுதிய பலகை. கல் வீடுகள். சர்ச்சுக்கு எதிரே ஒரு பெஞ்சு, அதில் தொப்பி போட்ட கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் எனக்கு நினைவு. பிறகு பார்க்கிறேன், நான் கீழே நின்றுகொண்டிருக்கிறேன். எப்போது இறங்கினேன் என்று தெரியாது. சைக்கிள் கையில் இருக்கிறது. தொப்பியும் கையில் இருக்கிறது. தலை குனிந்திருக்கிறது. கிழவர்கள் 'போன்ழூர், மிஸ்யே', வணக்கம் ஐயா, என்கிறார்கள்.

மேட்டில் உயிர் போனாலும் காலை ஊன்றாதவன், சமமான தெருவில் கால் ஊன்றித் தள்ளிக்கொண்டு போகிறேன். உடன் வந்தவர்களிடம் முழங்கால் வலி என்றேன். அடுத்த வாரம் பிரேக் சூடு என்றேன். அதற்கடுத்த வாரம் அவர்கள் கேட்கவில்லை. ஊர் முடிகிற இடத்தில் அதே பெயரை எழுதி, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு அடித்த பலகை வைத்திருப்பார்கள் இங்கே. அங்கே எனக்காகக் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். நானும் பழகிவிட்டேன். பெஞ்சுக் கிழவர்களோடு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவேன். அவர்களுக்கு என் மேல் பிரியம். மேஸ்திரிக்கு 'நீ' போட்ட அதே ஏழுமலைதான். வாய்க்கு வந்த தைரியம் காலுக்கு வரவில்லை.

செல்வி சின்னதாக இருந்தபோது என் பின்சீட்டில் வருவாள். பிறகு தனிச் சைக்கிளில் என் பின்னால் வந்தாள். நான் இறங்கினால் இறங்கினாள். நான் நடந்தால் நடந்தாள். ஏன் என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அப்பன் பின்னால் வருகிற பிள்ளை, இறங்காமல் என்ன செய்யும் என்று இருந்துவிட்டேன்.

6

போன மாதம் செல்வி தன் சிநேகிதி மோனிக்கையும் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டும் மேட்டில் சிரித்துக்கொண்டே ஏறின. இறக்கத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டன. நான் பின்தங்கி வந்தேன். முதல் ஊர்ப் பலகை கண்ணுக்குத் தெரிந்தபோது, செல்வி பிரேக் பிடித்து, இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"மோனிக், இறங்கு" என்றாள். பிரெஞ்சில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"எதுக்கு? டயர்ல காத்து போச்சா?"

"இல்ல. இது எங்க வழக்கம். ஊருக்குள்ள போறப்ப இறங்கி நடந்து போகணும், தொப்பியைக் கழட்டணும். எங்க நாட்டுல எல்லாரும் இப்படித்தான். அது மரியாதை."

"ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு!" என்றது அந்தப் பெண். அதுவும் இறங்கிற்று. பொன்னிறத் தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, என் மகளைப் பார்த்துப் பார்த்து, அவளைப் போலவே தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் தள்ளிற்று. பெஞ்சிலிருந்த ஒரு கிழவர் என்னைப் பார்த்து, "நல்லா வளர்த்திருக்கீங்க" என்றார்.

எங்க நாட்டுல. எத்தனை வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன்! மொழியைக் கொடுத்துப் பார்த்தேன், வேண்டாம் என்றாள். சாப்பாட்டைக் கொடுத்தேன், பாட்டைக் கொடுத்தேன், பெயரைக் கொடுத்தேன், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கீழே போட்டாள். போட்டுவிட்டு, நான் கொடுக்காத இந்த ஒன்றை மட்டும் எடுத்துப் பெருமையாக வைத்துக்கொண்டிருக்கிறாள். அதை இன்னொருத்திக்கும் கற்றுக்கொடுக்கிறாள். என் தலையில் ஏற்றியதை நான் என் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டேன், அவளுக்கு அது கிரீடம் மாதிரி இருக்கிறது!

மீதி வழியெல்லாம் அந்த இரண்டும் ஊருக்கு ஊர் இறங்கின. நான் பின்னால் வந்தேன். அன்றைக்கு அந்த மலையில் பூ இருந்ததா, பனி தெரிந்ததா, ஒன்றும் எனக்குத் தெரியாது.

7

வீட்டுக்கு வந்ததும் தெரேஸிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"இன்னாத்துக்கு என்கிட்ட சொல்ற? அவகிட்ட சொல்லு."

"எப்படி சொல்றது? அவளுக்கு நம்ம ஊரே பிடிக்காது. இதையும் சொன்னா சுத்தமா வெறுத்துடுவா."

"வெறுக்கட்டுமே! பொய்ய விரும்புறதுக்கு நெசத்த வெறுக்கலாம்." இலையை முறத்தில் போட்டாள். "ஆனா வாயால சொல்லி மட்டும் ஒண்ணும் ஆவாதுபா. அவ ஒன் வாயப் பாத்துக் கத்துக்கல. காலப் பாத்துதான் கத்துக்கினா. மொதல்ல நீ எறங்காம போ."

சரி, அடுத்த ஞாயிறு இறங்குவதில்லை என்று முடிவு கட்டினேன். வாரம் முழுக்க இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு அதையே ஓட்டிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நானும் செல்வியும் மட்டும் கிளம்பினோம். அணைக்கட்டு, காடு, உச்சி, இறக்கம். பலகை தெரிந்தது. இறங்க மாட்டேன், இறங்க மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். பெஞ்சில் கிழவர்கள் தலையைத் திருப்பினார்கள். கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. கீழே நின்றுகொண்டிருந்தேன். செல்வி பின்னால் வந்து, இறங்கி, தொப்பியைக் கழற்றினாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காலை வெட்டிப் போட்டிருப்பேன்.

சிவப்புக் கோடு போட்ட பலகை வரை நடந்தோம். அங்கே ஒரு கல் சுவர். "ஒக்காரு, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். புளியமரத்தைச் சொன்னேன். செருப்பைச் சொன்னேன். தலையில் சைக்கிளைச் சொன்னேன். அப்பாவின் கூப்பிய கையைச் சொல்லும்போது என் தமிழும் நின்றுவிட்டது, பிரெஞ்சும் நின்றுவிட்டது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு தமிழில் கேட்டாள். அவளாகத் தமிழில் பேசி எவ்வளவு நாளாயிற்று!

"எல்லாருமா எறங்கணும்?"

"இல்லம்மா. நாம மட்டும்."

"நாமன்னா இந்தியாக்காரங்களா?"

"எறங்கச் சொன்னதே இந்தியாக்காரங்கதான்."

"அவங்க பெரியவங்களா? வயசானவங்களா?"

"என்ன விடச் சின்னப் பசங்களும் இருந்தானுங்க."

"அப்ப அது மரியாதை இல்லையா?"

"இல்ல."

அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து நின்று கத்தினாள்.

"மோனிக்க எறங்க வச்சேனே பப்பா! நான்! அவள எறங்குன்னு சொன்னேனே! நீ ஏன் சொல்லல?"

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். வந்த வழியே திரும்பி, ஊருக்குள் ஓட்டிக்கொண்டு போனாள். பெல் அடித்துக்கொண்டே போனாள். தெருவில் எதிரே யாரும் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. அந்தக் கோடி வரை போய்த் திரும்பி, அதே வேகத்தில் என்னிடம் வந்து நின்றாள். மூச்சிரைத்தது.

"இப்ப நீ வா."

ஏறினேன். அவள் என் பின்னால் வந்தாள். அந்தத் தெருவில் ஏற்றம் என்று ஒரு முழம்கூட இல்லை. நான் கணவாய் ஏறியிருக்கிறேன், ஐஸ் மழையில் ஏறியிருக்கிறேன், காய்ச்சலோடு ஏறியிருக்கிறேன். எதிலும் மிதிப்பது அவ்வளவு பாடாக இருந்ததில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பெஞ்சு கிட்டே வரவர, வலது கால் பெடலை விட்டு விலகியது. விலகுவதை என்னால் பார்க்க முடிந்தது, நிறுத்த முடியவில்லை.

"பப்பா! காலு! கால கீழ வைக்காத!" பின்னாலிருந்து அவள் கத்தினாள். பிறகு பிரெஞ்சுக்கு மாறினாள். "அலே! அலே, பப்பா! அலே!"

அலே என்றால் போ, விடாதே என்று அர்த்தம். மலையில் ஒருவன் திணறிக்கொண்டு ஏறும்போது வழியில் நிற்கிறவர்கள் அப்படித்தான் கத்துவார்கள். பெஞ்சுக் கிழவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சமமான தெருவில் ஒரு மனிதன் வேர்த்துக் கொட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, பிணம் மாதிரி முகத்தோடு மிதிக்கிறான். ஒரு பெண்பிள்ளை பின்னால் கத்துகிறாள். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. ஒருவர் எழுந்துவிட்டார். மற்றவர்கள் பெஞ்சிலேயே தடியைத் தட்டினார்கள்.

"அலே, மிஸ்யே! அலே! அலே!"

யாருக்காக இத்தனை வருஷம் இறங்கினேனோ, அவர்கள் போ போ என்று கத்துகிறார்கள்! காலைப் பெடலில் வைத்து மிதித்தேன். ஊரின் மறுகோடி வரைக்கும் மிதித்தேன். அங்கே போய்ச் சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு, மல்லாந்து படுத்துச் சிரித்தேன். செல்வி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்த்தாள். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் எத்தனையோ ஊர் வந்தது. ஒன்றிலும் இறங்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் மோனிக்கிடம் போய், நான் சொன்னது தப்பு, அது வழக்கம் இல்லை, அநியாயம் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். வந்து என்னிடம் சொன்னாள்.

8

இந்தக் கோடை விடுமுறையில் நாங்கள் ஊருக்கு வருகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று. செல்விதான் வரவேண்டும் என்றாள். உங்க இந்தியா வேண்டாம் என்றவள், அந்தத் தெருவைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

என் தம்பி இன்னும் அந்தக் கிராமத்தில்தான் இருக்கிறான். டவுனில் வாடகைக்கு இரண்டு சைக்கிள் எடுத்து வைக்கச் சொல்லி எழுதியிருந்தேன். சைக்கிள் கிடைக்கும், ஆனால் உனக்கு எதற்கு வம்பு, முன்னே மாதிரிக் கடுமை இல்லை என்றாலும் இன்னமும் நம் ஆட்கள் யாரும் அங்கே ஏறிப் போவதில்லை, வயல்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வா, பெண்பிள்ளையை வேறு கூட்டிக்கொண்டு வருகிறாய் என்று பதில் எழுதியிருக்கிறான். அவன் பயம் எனக்குப் புரிகிறது. எனக்கும் பயம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் வயல்பக்கமாக வர மாட்டேன். பகலில், எல்லோரும் வாசலில் இருக்கிற நேரத்தில், தெரு வழியாகத்தான் வருவோம். செருப்பு காலில்தான் இருக்கும். இதைப் படிக்கிற அந்த ஊர்க்காரர்கள் இப்போதே தெரிந்துகொள்ளட்டும். சொல்லாமல் வந்தான் என்று யாரும் பேசக் கூடாது.

தம்பி எழுதியதைச் செல்விக்குப் படித்துக் காட்டினேன். மறைக்கவில்லை. அவள் கேட்டுவிட்டு, சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தி, மலை ஏறுகிறவள் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"அந்தத் தெரு எவ்ளோ மேடு பப்பா?"

"மேடெல்லாம் கெடையாதும்மா. சமமா இருக்கும்."

"மேடே இல்லையா?" என்றாள். "அப்ப எதுக்கு எறங்கணும்?"